நிஜாம் பண்ணுதல்

காவ்யா டீச்சர் கடைப்படி ஏறியபோது நிஜாம் யாருடைய ஆதார் அட்டையையோ திருப்பிப் போட்டு நகல் எடுத்துக்கொண்டிருந்தார். அட்டைக்குச் சொந்தக்காரர் காலை பத்து மணிக்கே கொடுத்துவிட்டுப் போனவர். இப்போது மணி நாலரை. டீச்சர் இந்த ஜூன் மாதம்தான் பெண்கள் பள்ளிக்குத் தமிழாசிரியையாக மாற்றலாகி வந்தார். சொந்த ஊர் கீரனூர். இங்கே மெயின் ரோட்டில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறார். வாரத்துக்கு இரண்டு தடவை வினாத்தாள் நகலெடுக்க வருவார். அன்றைக்கு வினாத்தாள் இல்லை, கையில் ஒரு நீள நோட்டு மட்டும் இருந்தது.

"பாய், ஒரு சந்தேகம். உங்களுக்கு இந்த ஊருதான?"

"பொறந்ததுலேர்ந்து இங்கிட்டுதாங்க."

"பிள்ளைங்க பேசுற ஊர் வார்த்தையெல்லாம் எழுதி வச்சிட்டு வர்றேன். ஒண்ணு மட்டும் பிடிபடல. நிஜாம் பண்றதுன்னா என்ன பாய்?"

நிஜாம் நிமிரவில்லை. இயந்திரத்தின் பச்சை வெளிச்சம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இழுத்தடிக்கிறதுங்க. இன்னைக்குச் செய்ய வேண்டியத நாளைக்கு, நாளான்னைக்குன்னு தள்ளிக்கிட்டே போறது."

"அதேதான். வீட்டுப்பாடம் எங்கடின்னு கேட்டா, நிஜாமாயிருச்சு டீச்சர்ங்கிறா ஒருத்தி." டீச்சர் சிரித்தபடி எழுதிக்கொண்டார். "எப்படி வந்திருக்கும்? அகராதியில பார்த்தேன். நிஜாம்னா ஒழுங்கு, நிர்வாகம்னு போட்டிருக்கு. உங்க ஊர்ல நேர் எதிராவுல்ல இருக்கு. ஐதராபாத்துல ஆண்ட நிஜாம் யாராச்சும் வரி கட்டச் சொல்லி, இவங்க இழுத்தடிச்சாங்களா?"

"தெரியலயே. விசாரிச்சு வைக்கிறேன். நாளைக்கு வாங்க."

டீச்சரைக் குற்றம் சொல்ல முடியாது. கடைப்பலகையில் 'மிஸ்பா ஜெராக்ஸ்' என்றுதான் எழுதியிருக்கிறது. தாடியும் தொப்பியுமாக ஒருவர் கல்லாவில் உட்கார்ந்திருந்தால் அவர் பாய். அதற்கு மேல் அவருக்கு ஒரு பெயர் இருக்கும் என்று யாரும் மெனக்கெடுவதில்லை. தன் பெயருக்கு அர்த்தம் சொல்லிவிட்டு, அது எங்கேயிருந்து வந்தது என்று விசாரித்து வைப்பதாகவும் சொல்லியனுப்பிய நிஜாமுக்கு, ஆள் போன பிறகுதான் சிரிப்பு வந்தது. சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

ஊரில் அந்தச் சொல் புழங்காத இடமில்லை. வாய்க்கால் மேல் பாலம் மூன்று வருடமாகக் கம்பியை நீட்டிக்கொண்டு நின்றால், பாலம் நிஜாமாயிருச்சு. பெண் பார்க்க வருகிறோம் என்றவர்கள் பெருநாள் கழியட்டும் என்றால், மாப்பிள்ளை வீட்டார் நிஜாம் பண்ணுகிறார்கள். பஸ்ஸுக்கு நின்றால் பஸ் நிஜாம். முதலில் அவருக்கு எதிரில் அந்தச் சொல்லைச் சொன்னால் நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். பிறகு தோளில் தட்டிச் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். இப்போது அவர் நிற்பதையே கவனிப்பதில்லை. டீக்கடையில் ஒருவன் இன்னொருவனிடம் "நிஜாம் பண்ணாம வந்து சேருடா" என்று போனில் சொல்லிவிட்டு, அதே மூச்சில் இவரைப் பார்த்து "நல்லா இருக்கீங்களாண்ணே" என்று கேட்கிறான். சொல் வேறு, ஆள் வேறு என்று ஆகிவிட்டது. ஆள் செத்துப்போனாலும் சொல் இருக்கும் போலிருந்தது.

சொல் பிறந்த கதை என்று ஊரில் ஒன்று உண்டு. நிஜாமின் நிக்காஹ் அன்று பள்ளிவாசலில் பதினோரு மணிக்கு ஜமாஅத் முழுக்க உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளையைக் காணோம். அப்போது அவர் இதே கடையில் எஸ்டிடி பூத் வைத்திருந்தார். யாருக்கோ ஒரே ஒரு கால் போட்டுக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று போனவர், பட்டுச் சட்டையும் மாலையுமாக ஒன்றேகாலுக்கு வந்து சேர்ந்தார். பிரியாணி ஆறிப்போய்விட்டது. அன்றைக்கு இமாமாக இருந்த பெரிய ஹஜ்ரத் மைக்கிலேயே சொன்னார்: "மாப்பிள்ளை பேரு நிஜாம். ஒழுங்குன்னு அர்த்தம். இனிமே நம்ம ஊருக்கு மட்டும் அர்த்தத்த மாத்திக்கிட வேண்டியதுதான்." பள்ளிவாசல் முழுக்கச் சிரித்தது. திரைக்கு அந்தப் பக்கம் மணப்பெண் பவுசியா சிரித்தாளா அழுதாளா என்று இன்றுவரை சொல்லவில்லை. மறுநாளே சொல் தெருவுக்கு வந்துவிட்டது.

இதில் பொய் ஒன்றுமில்லை. நிஜாமே பல பேரிடம் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருக்கிறார். ஆனால் சொல் அன்றைக்குப் பிறக்கவில்லை என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அதற்கு இரண்டு வருடம் முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அது பிறந்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றிப் பேச வேண்டிய ஒரே ஆள் அவருடைய அக்கா பரக்கத் நிஷா. அவள் இப்போது பள்ளிவாசல் தெருவில் தன் வீட்டு முன்னறைக் கட்டிலில் படுத்திருந்தாள். திருச்சி ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் வைத்திருந்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போய் விரும்பியதைக் கொடுங்கள் என்று அனுப்பி இன்றோடு பன்னிரண்டு நாள். அப்படி அனுப்பினால் என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும். ஊரும் தெரிந்துகொண்டு ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போகிறது. வருகிறவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு நிஷா பொருத்தம் கேட்கிறாள். தெரிந்தோ தெரியாமலோ யார் மனதையாவது நோகடித்திருந்தால் அவர்கள் பொருந்திக்கொள்ள வேண்டும். மனிதருக்கு மனிதர் செய்ததை மனிதர்தான் பொறுக்க வேண்டும், அல்லாஹ் அதில் தலையிட மாட்டான். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வீடு வீடாகப் போய்க் கேட்பது. மவுத்துக்குக் காத்திருக்கிறவர்கள் படுத்தபடி கேட்பது. பழம் விற்கும் அமராவதி வந்தபோதும் நிஷா விடவில்லை. எப்போதோ கொய்யாப்பழத்துக்குப் பேரம் பேசி எடுத்தெறிந்து சொன்னதை ஞாபகம் வைத்து, "பொருந்திக்க அமராவதி" என்றாள். அமராவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "நான் அத அன்னைக்கே மறந்துட்டேன்க்கா" என்று அழுதாள்.

நிஜாம் பன்னிரண்டு நாளும் போனார். பன்னிரண்டு நாளும் சொல்லாமல் திரும்பினார்.

நடந்தது இதுதான். நிஷாவின் மாப்பிள்ளை ஷேக் பரீது சவூதியில், தமாமில் லாரி டிரைவர். கல்யாணமாகி எட்டு வருடத்தில் மூன்று தடவைதான் ஊருக்கு வந்தவர். மூன்றாவது தடவை வந்துபோன பிறகு, எட்டு வருடம் காத்திருந்து நிஷா உண்டானாள். பேறுகாலத்துக்கு வாருங்கள் என்று அவள் கடிதம் எழுத, முதலாளி கபீல் விடமாட்டான் என்று அவர் எழுத, கோபத்தில் அவள் ஒரு வரி எழுதிப்போட்டாள்: இப்போது வராவிட்டால் எப்போதுமே வரவேண்டாம். அதை எழுதிய கையோடு தபாலில் போட்டுவிட்டு, போட்ட நிமிடத்திலிருந்து வருத்தப்பட்டுக்கொண்டிருந்தாள். மூன்று வாரம் பதிலில்லை. அந்தக் காலத்தில் வளைகுடாவில் இருந்த ஆண்கள் முக்கால்வாசிப் பேர் நிஜாமின் பூத்துக்குத்தான் போன் போடுவார்கள். போட்டு, இன்னார் வீட்டில் சொல்லி வையுங்கள், இத்தனை மணிக்குத் திரும்பப் போடுகிறேன் என்று வைத்துவிடுவார்கள். நிஜாம் சைக்கிளில் போய்ச் சொல்ல வேண்டும். பெண்கள் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். அதுதான் பூத்தின் தொழில்.

ஒரு செவ்வாய்க்கிழமை மச்சான் போன் போட்டார்.

"நிஜாமு, வெள்ளிக்கெழம எனக்கு ஜும்மா முடிஞ்சா ஒனக்கு மூணு மணி. அக்காவக் கூட்டியாந்து உக்கார வையி. எனக்குக் கோவமெல்லாம் இல்லன்னு சொல்லு. லீவு எழுதிக் குடுத்திருக்கேன், கெடைச்சிரும். அத நான்தான் சொல்லுவேன், நீ சொல்லிராத."

"சரி மச்சான்."

அக்கா வீடு மூன்று தெரு தள்ளி. செவ்வாய் சாயந்திரம் போகலாம் என்று எழுந்தார், ஒரு பம்பாய் கால் வந்தது. புதன்கிழமை, இன்னும் இரண்டு நாள் இருக்கிறதே என்று தோன்றியது. வியாழன் மழை. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சாப்பிட்டுவிட்டு வந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. நிறைமாதக்காரியை இந்த வெயிலில் முன்கூட்டியே இழுத்துவந்து எதற்கு உட்காரவைக்க வேண்டும், போன் வந்ததும் போய்க் கூட்டிவரலாம் என்று அவருக்கு அவரே நல்ல காரணமாகச் சொல்லிக்கொண்டார். தள்ளிப்போடுகிறவனிடம் எப்போதும் ஒரு நல்ல காரணம் இருக்கும்; கெட்ட காரணத்துக்காக யாரும் தள்ளிப்போடுவதில்லை. மூன்று மணிக்குச் சரியாக போன் வந்தது. "செத்த இருங்க மச்சான், பத்து நிமிசத்துல போடுங்க" என்றார். கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு மீன் ஏஜென்ட் தூத்துக்குடிக்குப் பேசிக்கொண்டிருந்தான். அவன் முடிக்கட்டும் என்று உட்கார்ந்தார். அவன் முடிக்கவில்லை. பத்து நிமிடத்தில் மணி அடித்தது.

"அக்கா ஒறங்குது மச்சான்" என்றார் நிஜாம். "நாளைக்குப் போடுங்களேன்."

இரைச்சலுக்கு நடுவில் மச்சான் கேட்டார்.

"வரமாட்டேன்னுட்டாளா?"

"அய்ய, அப்படியில்ல மச்சான். ஒறங்குது."

"சரிடா. அவ கோவம் எனக்குத் தெரியாதா."

ஞாயிற்றுக்கிழமை ரியாத் ரோட்டில் மச்சான் ஓட்டிய லாரி கவிழ்ந்தது. அங்கேயே அடக்கம் செய்தார்கள். தகவலும் இதே பூத்துக்குத்தான் வந்தது. அதை மட்டும் நிஜாம் அந்த நிமிடமே ஓடிப்போய்ச் சொன்னார்.

அன்றைக்கே மற்றதையும் சொல்லியிருக்கலாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தவளிடம் எப்படிச் சொல்வது? பிள்ளை பிறந்து, புருஷனை இழந்தவள் ஒதுங்கியிருக்கும் இத்தா முடியட்டும் என்றார். மிஸ்பா பிறந்தாள். பால் குடிக்கிற பிள்ளைக்காரியை அழவைக்கக் கூடாது என்றார். மிஸ்பா பள்ளிக்கூடம் போகட்டும், பெரியவளாகட்டும், அவளுக்கு ஒரு நல்லது நடக்கட்டும் என்றார். ஒவ்வொரு வருடமும் சொல்ல வேண்டியது கொஞ்சம் கனத்தது. முதல் வருடம் சொல்லியிருந்தால் ஒரு அறை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். பத்தாவது வருடம் சொல்லியிருந்தால், பத்து வருடம் ஏன் சொல்லவில்லை என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். இப்போது இருபத்தி நாலு வருடம். பூத் போய் செல்போன் ரீசார்ஜ் கடை ஆகி, அதுவும் போய் ஜெராக்ஸ் கடை ஆனபோது, மிஸ்பாவின் பெயரைப் பலகையில் எழுதினார். தாய்மாமன் பாசம் என்று ஊர் மெச்சியது. நிக்காஹ் அன்று அவர் ஒன்றேகால் வரை பூத்தில் உட்கார்ந்திருந்ததும் எந்தக் காலுக்காகவும் இல்லை. அக்கா பூச்சூடிக்கொள்ளாமல் கல்யாண வீட்டு மூலையில் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்து, ஷட்டரைப் பாதி இறக்கி, அந்தக் கறுப்பு போனுக்கு எதிரில் சும்மா உட்கார்ந்திருந்தார். எழுந்துபோக முடியவில்லை. அதுதான் நடந்தது.

டீச்சர் கேட்டுவிட்டுப் போன அன்று சாயந்திரம் அவர் அக்கா வீட்டுக்குப் போனபோது அறையில் வேறு யாரும் இல்லை. மிஸ்பா அடுப்படியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். நிஷா அவர் கையைத் தேடிப் பிடித்தாள். விரல்களில் சூடே இல்லை.

"ஒன்னைய விட்டுட்டேன் பாரு. ஊரெல்லாம் கேட்டாச்சு, ஒன்கிட்டதான் கேக்கல. சின்ன வயசுலேர்ந்து ஒன்ன எவ்வளவு வைதிருக்கேன். பொருந்திக்கடா."

"பொருந்திக்கிட்டேன்க்கா."

"எல்லார்ட்டயும் கேட்டுட்டேன். கேக்க முடியாத ஆளு ஒருத்தருதான்." அவள் மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "அந்தக் கடிதாசிய நான் எழுதியிருக்கக் கூடாது நிஜாமு. அதப் படிச்சிட்டு ஒரு வார்த்த பேசாம போயிட்டாரு. இருவத்திநாலு வருசமா தொழுவுறப்பல்லாம் அதுதான் நெனப்பு வருது. அங்கிட்டுப் போய் அவரப் பாத்தா மொகத்தத் திருப்பிக்கிருவாரோன்னு பயமா இருக்கு. சாவுறதுக்குப் பயமில்ல, அதுக்குத்தான்."

மச்சான் பேசினார் அக்கா, கோபமில்லை என்று சொல்லச் சொன்னார், லீவு எழுதிக் கொடுத்திருந்தார். இவ்வளவுதான். சொல்லிப் பார்த்தால் இருபது எண்ணுவதற்குள் முடிந்துவிடும். அவர் வாயைத் திறந்தார். "அக்கா, நானும் ஒன்கிட்ட" என்றார்.

"ஒனக்கென்னடா, நீ என்ன செஞ்ச எனக்கு" என்று அவள் சிரித்தாள். "நேரத்துக்கு வரமாட்ட, அவ்வளவுதான. அதெல்லாம் எப்பவோ பொருந்தியாச்சு."

மிஸ்பா கஞ்சியோடு உள்ளே வந்தாள். நிஜாம் எழுந்துகொண்டார். வெளியே வந்து செருப்பை மாட்டினார். அவள் பொருந்திக்கொண்டது அதை அல்ல என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும், பொருந்தியாச்சு என்ற அந்த வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்று ஒரு கணம் பார்த்தார். அப்படிப் பார்த்த தன்னை நினைத்தால் அவருக்கே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் டீச்சர் நாலரை மணிக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது.

"பிள்ளைங்க சொல்லிடுச்சுங்க. உங்க பேரே தெரியாம உங்ககிட்டயே வந்து கேட்டுட்டேன். மன்னிச்சிடுங்க சார்." பாய் ஒரே நாளில் சார் ஆகியிருந்தார்.

"அதுக்கென்னங்க, உக்காருங்க" என்று நிஜாம் நிக்காஹ் கதையைச் சொன்னார். ஆறிய பிரியாணி, பெரிய ஹஜ்ரத், மைக், எல்லாம் அதனதன் இடத்தில் வந்தன. எப்போதும் சிரிக்கிற இடங்களில் டீச்சரும் சிரித்தார். எழுதி முடித்துப் பேனாவை மூடிக்கொண்டு, "ஏதோ கால்னு சொன்னீங்களே, யாருக்கு?" என்று கேட்டார். வேண்டுமென்று கேட்டதில்லை. கதையில் ஒரு இடம் விடுபட்டிருந்தது, அவ்வளவுதான்.

இருபத்திரண்டு வருடத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. நிஜாம் கடைக்கு வெளியே பார்த்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். செவ்வாய்க்கிழமையிலிருந்து ஆரம்பித்து, மீன் ஏஜென்ட், பத்து நிமிடம், அக்கா உறங்குகிறது என்று சொன்னது, லாரி, பன்னிரண்டு நாள், நேற்றுச் சாயந்திரம் வரை ஒன்றையும் விடாமல் சொன்னார். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாததை, கீரனூரிலிருந்து வந்த, இன்னும் இரண்டு வருடத்தில் மாற்றலாகிப் போகப்போகிற ஒருத்தியிடம் சொல்வது அவ்வளவு சுலபமாக இருந்தது. டீச்சர் நோட்டைத் திறக்கவில்லை. அவர் கண்கள் கலங்கியிருந்தன. கூடவே கோபமும் இருந்தது.

"இத எங்கிட்ட ஏன் சார் சொல்றீங்க? அவங்களுக்குத்தான தெரியணும். இப்பவே போங்க. கடைய நான் வேணா பார்த்துக்கிறேன்."

"சாத்திட்டே போறேங்க."

ஷட்டரை முழுக்க இறக்கிப் பூட்டினார். வழியில் யாரோ ஸலாம் சொன்னார்கள், நின்று பதில் சொல்லவில்லை. மூன்று தெருவையும் அவர் அப்படி வேகமாக நடந்து ஊர் பார்த்ததில்லை. மூச்சு வாங்க வாசலில் ஏறியபோது மிஸ்பா உதட்டில் விரலை வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவளுக்குக் கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"அம்மா ஒறங்குது மாமா. ரெண்டு நாளாக் கண்ண மூடல, இப்பத்தான் செத்த கண்ணசந்துச்சு."

"ஒரு விசயம் சொல்லணும்மா. அவசரம்."

"எழுப்பினா மறுபடி வலி வந்துரும் மாமா. நாளைக்குச் சொல்லுங்களேன்."

நிஜாம் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். அக்கா வாய் லேசாகத் திறந்திருக்க, உண்மையாகவே உறங்கிக்கொண்டிருந்தாள். இதோ நிற்கிற மிஸ்பாவிடமாவது சொல்லலாம். உன் அத்தா கோபத்தோடு போகவில்லை என்று தெரிந்துகொள்ள அவளுக்கும் உரிமை இருக்கிறது. ஆனால் முதலில் அக்காவிடம் சொல்வதுதானே முறை? "சரிம்மா, காலையில வாரேன்" என்றார். படியிறங்கியபோது அவர் மனதுக்குள் ஏதோ லேசாகி, மூச்சு சீராக வந்தது. அது நிம்மதி என்பது முக்குத் திரும்பும்போதுதான் அவருக்குப் புரிந்தது. திரும்பிப் போய்விட வேண்டும் என்று நின்றார். அஸர் தொழுகைக்கும் மஃரிபு தொழுகைக்கும் இடையில் அந்த முக்கில் அவர் எவ்வளவு நேரம் நின்றார் என்று அவருக்குத் தெரியாது. பிறகு வீட்டுக்குப் போய்விட்டார்.

விடியற்காலை பஜ்ருக்கு பாங்கு சொல்வதற்குச் சற்று முன்னால் மிஸ்பா போன் செய்தாள். பேசவில்லை, அழுதாள். நிஜாம் சட்டையை மாட்டிக்கொண்டே ஓடினார். அந்த வீட்டுக்கு முதலில் போய்ச் சேர்ந்த வெளியாள் அவர்தான். ஊர்ப் பெரியவர் ஷாநவாஸ் ஏழு மணிக்கு வந்தவர், நிஜாம் வாசலில் நிற்பதைப் பார்த்து, "இன்னைக்குப் பாரு, மொத ஆளா நிக்கிறாரு" என்று பக்கத்திலிருந்தவரிடம் தணிந்த குரலில் சொன்னார். நல்ல மனிதர், கேலியாகச் சொல்லவில்லை.

நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு எடுப்பதென்று முடிவானது. பெண்கள் குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, முகம் பார்க்கிற உறவுக்காரர்கள் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். நிஜாம் உள்ளே போய் மண்டியிட்டார். அத்தர் வாசனை அடித்தது. அக்காவின் முகத்தில் வலி இல்லை. காதருகில் குனிந்தார். இருபது எண்ணுவதற்குள் முடிகிற விஷயம்தான். காதில் பஞ்சு வைத்திருந்தார்கள். "மாமா, பெறகால நிக்கிறவங்களுக்கு வழி விடுங்க" என்று யாரோ ஒரு பெண் சொன்னாள். மிஸ்பா இல்லை. மிஸ்பா சுவரோடு சாய்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து என்னமோ சொல்லணும்னிங்களே மாமா" என்று அவள் கேட்டாள்.

"சொல்றேம்மா" என்றார். "எல்லாம் முடியட்டும்."

பள்ளிவாசலில் லுஹர் தொழுகை முடிந்ததும் அக்காவைக் கிடத்திய சந்தூக்கைக் கொண்டுபோய் முன்னால் வைத்தார்கள். மேலே பச்சைத் துணி போர்த்தியிருந்தது. பின்னால் நான்கு வரிசை நின்றது. வெளியில் சாலையோரமாகக் காவ்யா டீச்சர் குடையோடு நிற்பதை நிஜாம் தொழுகைக்கு வரும்போதே பார்த்திருந்தார். அவரைத் தாண்டித் தலைகுனிந்து உள்ளே வந்துவிட்டார்.

"மய்யித்துக்கு ஆம்பளப் புள்ள இல்ல" என்றார் இளைய ஹஜ்ரத். "தம்பி நீங்கதான் பொருத்தம் கேக்கணும். முன்ன வாங்க."

இந்த ஊரில் நூறு ஜனாஸாவில் அவர் பின்வரிசையில் நின்று பதில் சொல்லியிருக்கிறார். முன்னால் நின்று கேட்டதில்லை. சந்தூக்குக்குப் பக்கத்தில் வந்து கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். எல்லோரும் தெரிந்த முகங்கள். பூத்து பெஞ்சில் காத்திருந்தவர்களின் பிள்ளைகள், பேரன்கள். செத்தவருக்காக உயிரோடிருக்கிறவர்களிடம் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது, பதிலுக்கும் ஒரு சொல் இருக்கிறது. செத்தவரிடம் கேட்க வேண்டியவன் எங்கே நிற்பான் என்று யாரும் வகுத்து வைக்கவில்லை.

"எங்க அக்கா பரக்கத் நிஷா" என்று ஆரம்பித்தார். "யார் மனசையாச்சும் நோகப் பேசியிருந்தா, செஞ்சிருந்தா, அல்லாவுக்காக எல்லாரும் பொருந்திக்கிருங்க."

"பொருந்திக்கிட்டோம்" என்று நான்கு வரிசையும் ஒரே குரலில் சொன்னது.

ஹஜ்ரத் தொழும் திசையான கிப்லாவைப் பார்த்துத் திரும்பினார். கைகளைத் தூக்கப் போனவர், பக்கத்தில் அசைவில்லாததை உணர்ந்து மறுபடி திரும்பிப் பார்த்தார். "வரிசைக்குப் போங்கண்ணே" என்றார் மெதுவாக.

நிஜாம் நகரவில்லை. ஒரு கை சந்தூக்கின் மரச்சட்டத்தைப் பிடித்திருந்தது.

"செத்த இருங்க ஹஜ்ரத்" என்றார். "இன்னொண்ணு இருக்கு."

பின்வரிசையில் ஒருவர் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். இன்னொருவர் ஏதோ ஒரு சொல்லைச் சொல்ல வாயெடுத்து, இடம் உறைத்து, விழுங்கிக்கொண்டார். மின்விசிறிக் காற்றில் பச்சைத் துணியின் ஓரம் எழுந்து எழுந்து அடங்கியது. நிஜாம் வாயைத் திறந்தபடி நின்றார். நான்கு வரிசையும் காத்திருந்தது.